டிக் செய்தவை மட்டும் திறக்க: செக்பாக்ஸ் வழியே மென்பொருள்களைத் தொடங்கும் ஸ்கிரிப்ட்டின் உள்கட்டமைப்பு

கணினியை இயக்கியதும் நாலைந்து மென்பொருள்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பலரும் வேலையைத் தொடங்குகிறார்கள். ஆனால் எல்லா நாளும் அதே நாலைந்து தேவைப்படுவதில்லை. கணக்குப் பார்க்கும் நாளில் விரிதாளும் மின்னஞ்சலும் போதும். படம் திருத்தும் நாளில் அவை இரண்டும் வேண்டாம், வேறு மூன்று வேண்டும். இதற்கு விண்டோஸ் இயல்பாகத் தரும் வழிகள் இரண்டு. ஸ்டார்ட்அப் கோப்புறையில் குறுக்குவழிகளைப் போட்டு வைத்தால், உள்நுழைந்த உடனே எல்லாமும் கேட்காமலே திறந்துகொள்ளும். வேண்டாமென்றால் ஒவ்வொரு சின்னமாகத் தேடிச் சொடுக்கித் திறக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் இக்கட்டுரையின் பொருள்: மென்பொருள்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு செக்பாக்ஸ் வைக்கப்பட்டு, கீழே ஒரு பொத்தானும் கொண்ட சிறு சாளரம். வேண்டியவற்றை டிக் செய்து பொத்தானை அழுத்தினால் அவை மட்டும் திறக்கும்.

இப்படியொரு சாளரத்தை, கட்டளைகளை வரிசையாக எழுதி உடனே இயக்க உதவும் ஸ்கிரிப்ட் மொழியில் வரைவதற்குச் சில வரிகளே போதும். இருந்தும், அவ்வாறு எழுதப்பட்டவற்றில் பல விரைவில் தாறுமாறாக நடக்கத் தொடங்குகின்றன. டிக் செய்யாதது திறக்கிறது, டிக் செய்தது திறக்காமல் போகிறது, அல்லது சாளரமே உறைந்து நிற்கிறது. இக்கோளாறுகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் அவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றே என்பது என் கருத்து. பெட்டியில் உள்ள டிக் ஒரு விருப்பத்தின் பதிவு. மென்பொருளைத் தொடங்குவது ஒரு செயல். பதிவை எங்கே வைப்பது, எப்போது வாசிப்பது, வாசித்ததைச் செயலாக எப்படி மாற்றுவது என்ற மூன்றையும் தனித்தனியாக யோசிக்காமல் ஒன்றாகக் குழைத்து எழுதும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

தொடக்கத்தில் எவையெவை இயங்க வேண்டும் என்பதைப் பயனரே டிக் செய்து சொல்லும் ஏற்பாடு பழையதுதான். விண்டோஸ் 98 உடன் வந்த எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைவுக் கருவியில், கணினி தொடங்கும்போது தானாக இயங்குபவை அனைத்தும் செக்பாக்ஸுகளோடு பட்டியலிடப்பட்டன. வேண்டாததன் டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை அது இயங்காது. விண்டோஸ் 8 வந்தபோது இந்தப் பட்டியல் டாஸ்க் மேனேஜருக்கு இடம்பெயர்ந்தது. பெட்டிகளின் இடத்தைப் பொத்தான் பிடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் கருவி இன்றும் பெட்டிகளையே வைத்திருக்கிறது. ஆனால் இவை எல்லாம் அடுத்த தொடக்கத்துக்கான உத்தரவுகள். இந்தக் கணத்துக்கான தேர்வை அவை தருவதில்லை. அந்தக் குறையை நிரப்ப வந்தவை ஸ்கிரிப்ட் மொழிகள். ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-இல் உருவாக்கிய டிசிஎல் மொழியும், 1991-இல் அதனோடு சேர்ந்து வந்த டிகே என்ற சாளரக் கருவித்தொகுப்பும், நீளமான சி நிரல் எழுதாமலேயே பொத்தானும் பெட்டியும் கொண்ட சாளரத்தைச் சில வரிகளில் எழுதலாம் என்று காட்டின. பைத்தானில் இன்றும் பயன்படும் டிகின்டர் அதே டிகேயின் மேல்தான் நிற்கிறது. விண்டோஸில் 1999-இல் ஆட்டோஇட், 2003-இல் ஆட்டோஹாட்கீ, 2006-இல் பவர்ஷெல் என்று ஸ்கிரிப்ட் மொழிகள் அடுத்தடுத்து வந்தன. லினக்ஸில் ஸெனிட்டி என்ற கருவி, ஷெல் (கட்டளை வரி) ஸ்கிரிப்டிலிருந்தே செக்பாக்ஸ் பட்டியலைத் திறக்க உதவுகிறது.

இனி பெட்டிக்குள் போகலாம். விண்டோஸில் செக்பாக்ஸ் என்பது தனி வகைச் சாளரமே இல்லை. சாதாரண அழுத்து பொத்தானும் செக்பாக்ஸும் ரேடியோ பொத்தானும் ஒரே பொத்தான் வகுப்பைச் சேர்ந்தவை, பாணி மட்டுமே வேறு. அந்தப் பாணியிலும் இரண்டு உண்டு. ஒன்றில் சொடுக்கியதும் டிக்கை இயங்குதளமே மாற்றிவிடும். மற்றொன்றில் சொடுக்கிய செய்தி மட்டுமே வரும், டிக்கை மாற்றுவது நிரலின் பொறுப்பு. ஸ்கிரிப்ட் மொழிகள் முதல் வகையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே டிக் விழுவதற்கும் எடுபடுவதற்கும் நாம் எதையும் எழுதத் தேவையில்லை. நிலையை இயங்குதளமே தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது; வேண்டும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பல ஸ்கிரிப்ட்களில் இதை மறந்து, ஒவ்வொரு சொடுக்கின்போதும் தனியாக ஒரு மாறியை (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரிட்ட இடத்தை) மாற்றி மாற்றி வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரே உண்மை இரண்டு இடங்களில் எழுதப்பட்டால் அவை எப்போதாவது முரண்படும்; திரையில் டிக் இருக்கும், மாறியில் இருக்காது.

நிலையைக் கேட்டால் வரும் பதில் மொழிக்கு மொழி வேறு. இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் புதிதாக எழுதுவோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். விண்டோஸின் அடிப்படை மட்டத்தில் டிக் இல்லையென்றால் 0, இருந்தால் 1, டிக்கும் வெறுமையும் அல்லாத இடைநிலையில் 2. ஆட்டோஹாட்கீ டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, இடைநிலைக்கு -1 என்று தருகிறது. ஆட்டோஇட்டிலோ டிக் இருந்தால் 1, இடைநிலைக்கு 2, டிக் இல்லாவிட்டால் 4. இந்த 4 தான் வினையாகிறது. பெட்டியின் நிலையை வாசிக்கும் கட்டளையை அப்படியே ‘எனில்’ நிபந்தனைக்குள் வைத்து எழுதுவது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். வேறு மொழிகளில் அது சரியாகவும் வேலை செய்யும். ஆட்டோஇட்டில் அப்படி எழுதினால், டிக் செய்யாத பெட்டியும் 4 என்ற பதிலைத் தருகிறது. பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் உண்மையாகவே கொள்ளப்படும் என்பதால் நிபந்தனை எப்போதும் நிறைவேறிவிடுகிறது. விளைவு, எதை டிக் செய்தாலும், எதையுமே டிக் செய்யாவிட்டாலும், பட்டியலில் உள்ள அத்தனை மென்பொருள்களும் திறந்துகொள்கின்றன. பிழைச்செய்தி எதுவும் வராது. எழுதியவர் கோப்புப் பாதைகளையும் பொத்தானையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார். உண்மையில் அந்த ஒரு வரியில், வந்த பதிலை டிக் நிலைக்கான மாறா மதிப்போடு, அதாவது 1 உடன், ஒப்பிட்டிருந்தால் போதும்.

பவர்ஷெல்லிலிருந்து அழைக்கப்படும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற சாளரக் கருவித்தொகுப்பில் டிக் உண்டா இல்லையா என்பதை உண்மை, பொய் என்றே கேட்கலாம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. மூன்று நிலைப் பெட்டியாக வைத்தால், இடைநிலையில் இருக்கும்போதும் அந்தக் கேள்விக்கு உண்மை என்றே பதில் வரும். பைத்தானின் டிகின்டரில் பெட்டியோடு ஒரு மாறி இணைக்கப்பட வேண்டும். டிக் இருந்தால் என்ன மதிப்பு, இல்லாவிட்டால் என்ன மதிப்பு என்பதை நாமே வகுக்கலாம். அந்த மாறியை ஒரு செயற்கூற்றுக்குள் (பெயரிட்டு அழைக்கக்கூடிய நிரல் துண்டுக்குள்) உருவாக்கிவிட்டு எங்கும் பிடித்து வைக்காமல் விட்டால், செயற்கூறு முடிந்ததும் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். அப்போது புதிய தோற்றம் கொண்ட டிடிகே வகைப் பெட்டிகள் டிக்கும் இல்லாமல் வெறுமையும் இல்லாமல் இடைநிலைக் குறியோடு நிற்கும். மாறிகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்துக்கொள்வதே இதற்குப் போதுமான தீர்வு.

அடுத்த கேள்வி, எப்போது வாசிப்பது. பெட்டியைச் சொடுக்கிய உடனேயே மென்பொருளைத் தொடங்கிவிடலாமே என்று தோன்றக்கூடும். தொழில்நுட்ப அளவில் அது முடியும். ஒவ்வொரு பெட்டியின் சொடுக்கு நிகழ்வோடும் ஒரு தொடங்கு கட்டளையைக் கட்டிவிட்டால் ஆயிற்று. ஆனால் அப்படிச் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். செக்பாக்ஸைப் பார்க்கும் எவரும், டிக் செய்வதாலேயே ஒன்றும் நடந்துவிடாது, மனம் மாறினால் எடுத்துவிடலாம், பொத்தானை அழுத்தும் வரை எல்லாம் தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் அதைத் தொடுகிறார்கள். உடனடி விளைவுக்கு வேறு உறுப்புகள் இருக்கின்றன: ஒன்றே ஒன்றைத் தொடங்கப் பொத்தான், ஒரு வசதியை உடனே இயக்கவும் அணைக்கவும் மாற்றுவிசை. பலவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் நிறைவேற்றுவதற்குத்தான் செக்பாக்ஸ் கூட்டமும் அதன் கீழே ஒரு பொத்தானும். எனவே நிலைகளை வாசிக்க வேண்டிய ஒரே தருணம் பொத்தான் அழுத்தப்படும் தருணமே.

சொடுக்கு நிகழ்வை நம்பி எழுதுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. விண்டோஸ் ஃபார்ம்ஸில் பெட்டிகளோடு கூடிய பட்டியல் உறுப்பு ஒன்று இருக்கிறது. பத்துப் பதினைந்து மென்பொருள்கள் இருந்தால் தனித்தனிப் பெட்டிகளைவிட அதுவே வசதி. அதில் டிக் மாறுவதை அறிவிக்கும் நிகழ்வு, டிக் மாறுவதற்கு முன்பே எழுகிறது. அந்த நிகழ்வுக்குள் நின்றுகொண்டு டிக் செய்யப்பட்டவற்றின் பட்டியலைக் கேட்டால், சற்றுமுன் சொடுக்கியது அதில் இருக்காது. எத்தனை தேர்வு செய்யப்பட்டுள்ளன என்று சாளரத்தில் காட்ட முயல்வோர் எப்போதும் ஒன்று கூடவோ குறையவோ காட்டுவதற்கு இதுவே காரணம். அதே உறுப்பில், இயல்பு அமைப்பின்படி முதல் சொடுக்கு வரியைத் தேர்வு மட்டுமே செய்யும், இரண்டாவது சொடுக்கில்தான் டிக் விழும். ஒரே சொடுக்கில் டிக் விழும்படி மாற்றும் பண்பு இருக்கிறது. அதை இயக்கிவிடுவது பயனருக்குச் செய்யும் உபகாரம்.

பட்டியலை எங்கே வைப்பது என்பதே என் பார்வையில் முழு வேலையின் மையம். முதல் பெட்டிக்கு ஒரு மாறி, இரண்டாவதற்கு ஒரு மாறி, பிறகு முதல் மாறி டிக் எனில் இதைத் தொடங்கு, இரண்டாவது டிக் எனில் அதைத் தொடங்கு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவது, மூன்று மென்பொருள்கள் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சேர்ப்புக்கும் மூன்று இடங்களில் கைவைக்க வேண்டும்: பெட்டியை வரையும் இடம், நிலையை வாசிக்கும் இடம், தொடங்கும் இடம். ஒன்றை மறந்தால் மின்னஞ்சலை டிக் செய்தவருக்கு உலாவி திறக்கும். மாறாக, பெயர், கோப்புப் பாதை, உடன் அனுப்ப வேண்டிய அளபுருக்கள் (கூடுதல் மதிப்புகள்), இயங்க வேண்டிய கோப்புறை ஆகியவற்றை ஒரு வரியாகக் கொண்ட ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி வந்து பெட்டிகளை வரைந்து, ஒவ்வொரு பெட்டியின் அடையாள எண்ணையும் அதே வரியில் குறித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தும்போது மறுபடி அதே அட்டவணையைச் சுற்றி வந்தால், புதிய மென்பொருளைச் சேர்ப்பது ஒரு வரி எழுதும் வேலையாகிவிடும். பெட்டியும் மென்பொருளும் ஒரே வரியில் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று திறக்க வாய்ப்பே இல்லை.

இப்படிச் சுழலில் வைத்து எழுதும்போது பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அதை மட்டும் தனியே திறக்க ஒரு சிறு பொத்தானும் சேர்க்கிறோம் என்று கொள்வோம். சுழலுக்குள்ளேயே பெயரில்லாச் செயற்கூறு ஒன்றை எழுதி அதில் சுழல் மாறியைப் பயன்படுத்தினால், பைத்தான் அந்த மாறியின் மதிப்பைப் பொத்தான் உருவாகும்போது எடுத்துக்கொள்வதில்லை, அழுத்தப்படும்போதுதான் பார்க்கிறது. அதற்குள் சுழல் முடிந்து மாறியில் கடைசி மென்பொருளின் பெயர் நின்றிருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசி மென்பொருளே திறக்கும். மதிப்பைச் செயற்கூற்றின் இயல்பு அளபுருவாகக் கொடுத்துவிட்டால் அது அந்தந்தப் பொத்தானோடு ஒட்டிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் பழைய முறையில் மாறியை அறிவித்தால் இதே நிலைதான்.

ஸெனிட்டியின் போக்கு முற்றிலும் வேறு. அங்கே நிகழ்வுகளும் இல்லை, மாறிகளும் இல்லை. முதல் நெடுவரிசையில் டிக் உண்டா இல்லையா என்பதையும் அடுத்தவற்றில் பெயர்களையும் கொடுத்து அழைத்தால், அது சாளரத்தைக் காட்டி, டிக் செய்யப்பட்டவற்றை செங்குத்துக் கோட்டுக் குறியால் (|) பிரித்து ஒரே வரியாக எழுதித் தந்துவிட்டு மறைந்துவிடும். சம்மதம் தெரிவித்தால் வெளியேற்ற எண் (முடியும்போது கருவி திருப்பித் தரும் எண்) 0, ரத்து செய்தால் 1. எதையும் டிக் செய்யாமல் சம்மதம் தெரிவித்தால் வெறும் வரியும் 0-வும் வரும். ரத்து செய்ததும் எதையும் தேர்ந்தெடுக்காததும் வெவ்வேறு என்பதை ஸ்கிரிப்ட் உணர வேண்டுமானால், வரி வெறுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வெளியேற்ற எண்ணையும் பார்க்க வேண்டும். திரையில் தெரியும் பெயரையே கட்டளையாக எடுத்து இயக்குவதும் நல்ல பழக்கமில்லை. மறைக்கப்பட்ட ஒரு நெடுவரிசையில் சிறு அடையாளச் சொல்லை வைத்து, அதைத் திருப்பி வாங்கி, ஸ்கிரிப்டில் உள்ள அட்டவணையில் தேடிக் கட்டளையை எடுப்பதே பாதுகாப்பானது. மேலும், ஷெல்லில் ஒவ்வொரு கட்டளையையும் பின்னணியில் அனுப்பாமல் வரிசையாக இயக்கினால், முதல் மென்பொருளைப் பயனர் மூடும் வரை இரண்டாவது திறக்காது. பின்னணியில் அனுப்பினாலும், முனையத்திலிருந்து தொடங்கியிருந்தால் முனையத்தை மூடும்போது அவையும் சேர்ந்து மூடிவிடக்கூடும் என்பதால் அவற்றைத் தனி அமர்வாகப் பிரித்துவிடுவது நல்லது.

வாசித்தாயிற்று, இனிச் செயல். விண்டோஸில் மென்பொருளைத் தொடங்க இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, இயக்கக் கோப்பின் பாதையைக் கொடுத்து நேரடியாக ஒரு செயல்முறையை (இயங்கும் நிரலை) உருவாக்குவது. மற்றது, கோப்பையோ முகவரியையோ விண்டோஸின் ஷெல்லிடம் (கோப்புகளையும் சின்னங்களையும் கையாளும் பகுதியிடம்) கொடுத்து, இதற்குரியதைக் கொண்டு திற என்று சொல்வது. பட்டியலில் விரிதாள் கோப்போ இணைய முகவரியோ இருந்தால் இரண்டாவது வழிதான் பொருந்தும். முதல் வழி இயக்கக் கோப்புகளை மட்டுமே ஏற்கும். நேரடி வழியில் பாதைக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிகள் கட்டாயம். அவை இல்லாவிட்டால் விண்டோஸ் ஒவ்வொரு இடைவெளியிலும் நிறுத்தி நிறுத்திக் கோப்பைத் தேடுகிறது: புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் உள்ள ஒன்றைச் சொன்னால், முதலில் சி இயக்ககத்தின் வேரில் புரோகிராம் என்ற பெயரில் ஓர் இயக்கக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். வழக்கமாக அப்படி ஒன்று இருக்காது என்பதால் சரியானது திறந்துவிடுகிறது, பிழையும் வெளியே தெரிவதில்லை. ஆனால் யாரேனும் அந்தப் பெயரில் கோப்பு ஒன்றை வைத்துவிட்டால் அதுவே இயங்கும். இது நன்கு அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டை.

இயங்கும் கோப்புறையையும் கவனிக்க வேண்டும். தொடங்கப்படும் மென்பொருள், வேறு சொல்லப்படாவிட்டால், தொடங்கி வைத்த ஸ்கிரிப்ட்டின் நடப்புக் கோப்புறையையே தனதாக எடுத்துக்கொள்ளும். சின்னத்தைச் சொடுக்கினால் சரியாகத் திறக்கும் ஒரு பழைய மென்பொருள், ஸ்கிரிப்ட் வழியே தொடங்கும்போது அமைவுக் கோப்பைக் காணவில்லை என்று முறையிட்டால், இதுவே முதல் சந்தேகமாக இருக்கட்டும். குறுக்குவழியில் கோப்புறை குறிக்கப்பட்டிருக்கிறது, ஸ்கிரிப்டில் குறிக்கப்படவில்லை.

நிர்வாகி உரிமை இன்னும் நுட்பமானது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, உயர்ந்த உரிமை கேட்கும் மென்பொருளைச் சாதாரண ஸ்கிரிப்ட் நேரடியாகத் தொடங்க முயன்றால் 740 என்ற பிழை எண் கிடைக்கும், மென்பொருள் திறக்காது. ஷெல் வழியே கேட்டால் பயனரிடம் அனுமதி கோரும் சாளரம் வரும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பலரும் ஸ்கிரிப்டையே நிர்வாகி உரிமையோடு இயக்கிவிடுகிறார்கள். இது வேண்டாத வழி. அந்த உரிமை அது தொடங்கும் எல்லாவற்றுக்கும் இறங்கிவிடும். உலாவியும் மின்னஞ்சலும்கூட நிர்வாகியாக இயங்கத் தொடங்கும். சாதாரண உரிமையில் உள்ள கோப்புச் சாளரத்திலிருந்து அவற்றுக்குள் கோப்பை இழுத்துப் போட முடியாது, பயனர் இணைத்து வைத்த பிணைய இயக்ககங்கள் அவற்றுக்குத் தெரியாமல் போகலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, தீய இணைப்பு ஒன்றைத் திறந்துவிட்டால் அதற்குத் தடை ஏதும் இருக்காது. எந்த வரிக்கு உயர்ந்த உரிமை வேண்டும் என்பதையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக வைத்து, அதற்கு மட்டும் அனுமதி கேட்பதே முறை.

தொடங்கிவிட்டு மேலே செல்லும் கட்டளையும், தொடங்கிய மென்பொருள் மூடப்படும் வரை காத்திருக்கும் கட்டளையும் எல்லா மொழிகளிலும் அருகருகே உள்ளன. இரண்டாவதைத் தவறிப் பயன்படுத்தினால், ஆட்டோஇட் போன்று ஒரே இழையில் (ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று) ஓடும் ஸ்கிரிப்டில் சாளரம் சொடுக்குகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடும். ஐந்து வினாடிகள் பதில் இல்லையென்றால் விண்டோஸ் அதைப் பதிலளிக்காத சாளரம் என்று குறித்துவிடும். எனவே காத்திருக்காத கட்டளையே இங்கே ஏற்றது. ஆனால் காத்திருக்காமல் போவதற்கும் ஒரு விலை உண்டு. கட்டளை வெற்றி என்று திரும்பும்போது செயல்முறை உருவாகியிருக்கிறது, அவ்வளவே. சாளரம் இன்னும் வந்திருக்காது, மென்பொருள் தயாராகியிருக்காது. தரவுத்தள வழங்கி எழுந்த பிறகே அதை நாடும் மென்பொருள் திறக்க வேண்டும் என்றால் வரிசையை மட்டும் நம்ப முடியாது. முன்னதன் சாளரம் தோன்றியதா, அல்லது பிற மென்பொருள்கள் அதோடு தொடர்புகொள்ளும் இணைப்பு வாயில் திறந்ததா என்று சோதித்துவிட்டே அடுத்ததைத் தொடங்க வேண்டும். சாளரத்தின் தலைப்பை வைத்துச் சோதிப்போர், முதலில் சில வினாடிகள் தோன்றி மறையும் அறிமுகப் படத்தையே மென்பொருள் என்று எண்ணி ஏமாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று சாராத மென்பொருள்களுக்கு இவ்வளவு தேவையில்லை. சுழலும் வட்டு கொண்ட பழைய கணினியில் ஒவ்வொன்றுக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டால் போதும்.

ஒன்று திறக்காமல் போனால் மற்றவை என்ன ஆகும்? ஆட்டோஹாட்கீயின் முதல் பதிப்பு வரிசையில், கோப்பு கிடைக்காவிட்டால் பிழைச் சாளரம் வந்து, அந்த இழை அங்கேயே நின்றுவிடும். டிக் செய்த ஏழில் மூன்றாவது நீக்கப்பட்ட மென்பொருளாக இருந்தால், பின்னுள்ள நான்கும் திறக்காது. இரண்டாம் பதிப்பில் இது பிடிக்கத்தக்க விதிவிலக்காக எழுகிறது. எந்த மொழியானாலும், ஒவ்வொரு தொடக்கத்தையும் தனியாகக் காத்து, தோற்றவற்றைச் சேகரித்து, சுழல் முடிந்த பின் ஒரே செய்தியாகக் காட்டுவது நல்லது. இன்னும் மேலானது, சாளரம் வரையும்போதே ஒவ்வொரு கோப்பும் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததன் பெட்டியைத் தொட முடியாதபடி மங்கலாக்கிவிடுவது.

நேற்றைய தேர்வை இன்று நினைவில் வைத்திருப்பது இந்தச் சாளரத்தின் பயனைப் பெருக்கும். இதற்கு ஐஎன்ஐ கோப்பே (அமைவுகளை வரிகளாக எழுதி வைக்கும் எளிய உரைக்கோப்பு) போதுமானது. பெட்டி எத்தனையாவது என்ற எண்ணைக் கொண்டு எழுதி வைக்க வேண்டாம். நடுவில் ஒரு மென்பொருளைச் சேர்த்தால் எல்லா டிக்குகளும் ஓரிடம் தள்ளிப் போய்விடும். மாறாத அடையாளச் சொல்லைக் கொண்டே எழுதலாம். பெயர்களைத் தமிழில் எழுதுவோர் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகள் பல உண்டு. விண்டோஸின் ஐஎன்ஐ கட்டளைகள் அவற்றில் யுடிஎஃப்-16 கோப்புகளை ஏற்கும், யுடிஎஃப்-8 கோப்புகளைப் பழைய ஆன்சி குறிமுறையாகக் கொள்ளும். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி குறிப்பக்கமே கிடையாது என்பதால், எழுதும்போது எழுத்துகள் கேள்விக்குறிகளாகவும் வாசிக்கும்போது சிதைந்த குறிகளாகவும் மாறிவிடுகின்றன. கோப்பை முதலிலேயே யுடிஎஃப்-16 ஆக உருவாக்கி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆட்டோஹாட்கீயின் முதல் பதிப்பு வரிசையில் ஸ்கிரிப்டையே தொடக்கக் குறியோடு (குறிமுறையைக் காட்டும் கோப்பின் முதல் குறியோடு) கூடிய யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால்தான் பெட்டிகளின் மேல் தமிழ் சரியாகத் தெரியும்; இரண்டாம் பதிப்பு வரிசையில் அந்தக் குறி தேவையில்லை.

கைவிசைகளையும் மறக்க வேண்டாம். டேப் விசையால் பெட்டிக்குப் பெட்டி நகர்வதும் இடைவெளி விசையால் டிக்கை மாற்றுவதும் இயல்பாகவே வந்துவிடும். கீழேயுள்ள பொத்தானை இயல்புப் பொத்தானாகக் குறித்தால் எண்டர் விசையும் வேலை செய்யும். பெயரைப் பெட்டியின் உரையாகவே எழுத வேண்டும். தனி எழுத்துறுப்பாக அருகில் வைத்தால் பெயரைச் சொடுக்கினால் டிக் விழாது, திரைவாசிப்பானும் எந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லாது.

ஏற்கெனவே திறந்திருக்கும் மென்பொருளை மீண்டும் டிக் செய்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே விடை இல்லை. உலாவி போன்றவை இரண்டாம் முறை தொடங்கப்பட்டால், புதிய செயல்முறை வேலையை முன்னதனிடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். விண்டோஸ் 10-இன் கால்குலேட்டரைப் பழைய பெயரில் அழைத்தாலும் அப்படித்தான். அழைக்கப்பட்ட கோப்பு உண்மையான செயலியை எழுப்பிவிட்டு மறைந்துவிடுகிறது. ஆகவே தொடங்கும்போது கிடைத்த செயல்முறை எண்ணை வைத்துக்கொண்டு, அது இன்னும் இயங்குகிறதா என்று பின்னால் பார்ப்பது எப்போதும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. செயல்முறையின் பெயரைக் கொண்டோ சாளரத்தைக் கொண்டோ தேடி, இருந்தால் அதை முன்னே கொண்டுவருவதும் இல்லாவிட்டால் தொடங்குவதும் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்; ஒரே நேரத்தில் பல சாளரங்கள் வேண்டிய உரைத்திருத்தி போன்றவற்றுக்கு அட்டவணையில் விலக்கு வைக்கலாம்.

இதிலிருந்து சிலர் இன்னொரு படி தாண்டுகிறார்கள்: டிக்கை எடுத்தால் அந்த மென்பொருளை மூடிவிடவும் செய்யலாமே என்கிறார்கள். டிக் எடுப்பது இம்முறை இது வேண்டாம் என்பதன் பதிவு. திறந்திருப்பதை மூடு என்ற உத்தரவை அதிலிருந்து ஸ்கிரிப்ட் ஊகித்துக்கொள்ளக் கூடாது. செயல்முறையை முடிக்கும் கட்டளைகள் மென்பொருளிடம் கேட்காமலே அதை நிறுத்திவிடுகின்றன. சேமிக்காத வேலை அப்போதே போய்விடும். மூடும் வசதி கட்டாயம் வேண்டுமென்றால், தேர்ந்தெடுத்தவற்றை மூடு என்று தனியாக இன்னொரு பொத்தானை வைத்து, செயல்முறையை முடிக்காமல் சாளரத்துக்கு மூடும் செய்தியை மட்டும் அனுப்பலாம். சேமிக்கவா என்று அந்தந்த மென்பொருளே பயனரிடம் கேட்டுக்கொள்ளும். அவர் ரத்து என்று சொன்னால் ஸ்கிரிப்ட் அதைத் திறந்தபடியே விட்டுவிட வேண்டும்.